சோறு முடித்தால்தான் இனிப்பா?

கேள்வி: அயல் பிள்ளைகள் ஐந்து பேரைப் பகலில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை. மதியம் சாப்பிட்டதும் கொடுக்கச் சொல்லித் தாய்மார் ஜெலியும் பைக்கட் பாலும் தந்துவிடுகிறார்கள். "சோற்றை முடித்தால்தான் இது" என்று காட்டித்தான் ஊட்டுகிறேன். இனிப்பாக வேறு என்ன செய்து கொடுக்கலாம்?
- வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: முதலில் அந்தக் காட்டி ஊட்டுவதை விடுங்கள், சகோதரி. சோறு ஒரு கஷ்டம், ஜெலி அதற்குக் கூலி என்று இந்த வயதிலேயே பழகிய பிள்ளைக்குப் பிறகு ஜெலி இல்லாமல் ஒரு வாய் ஊட்ட அதன் தாய் படாத பாடு படுவாள். சோற்றை முடித்த பிள்ளைக்கும் பாதியில் எழும்பிய பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுங்கள். அப்படிக் கொடுப்பதென்றால் அந்த இனிப்பும் சாப்பாடாகவே இருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்கு ஜெலியைத் தேட வேண்டுமா? படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர் இருக்கிறது. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதத்தில் இருக்கும். நன்றாகப் பழுத்து, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தை மசித்து, பிள்ளைக்கு இரண்டு மேசைக்கரண்டித் தயிரோடு கலந்தால் போதும். பழத்தின் இனிப்பே காணும், பாணி ஊற்ற வேண்டாம். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், அதனால் சின்ன வயிற்றுக்கு அந்த அளவுதான் சரி. சிறிய சட்டியாக அன்றன்று வாங்குங்கள். நமது வெயிலில் வெளியே வைத்த தயிர் மதியத்துக்குள் புளித்துவிடும், ஒரு நாள் புளிப்பு வாயில் பட்ட பிள்ளை மறுநாள் கிட்டவும் வராது.

மற்ற நாட்களுக்குப் பப்பாசி, மாம்பழம், தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய குரக்கன் கூழ், குழைய அவித்த பயறு. மூன்று வயது தாண்டியவர்களுக்கு எப்போதாவது ஒரு சின்னத் துண்டு வட்டிலப்பம். அதில் முட்டையாவது இருக்கிறது.

சர்க்கரை, தேன், கித்துள் பாணி எல்லாம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பல்லுக்கு அவையும் சீனிதான். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எதையும் சேர்க்காதீர்கள். ஒரு வயதாகாத கைக்குழந்தை உங்களிடம் வந்தால் தேன் ஒரு துளியும் கூடாது, அதிலிருந்து கடும் நச்சு நோய் வரக்கூடும். சேர்க்கும் சீனி நாள் முழுவதும் உண்ணும் சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 வீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த 5 வீதம் மூன்று நான்கு தேக்கரண்டிதான். கடைப் பானங்களில் 2016 முதல் நிற வட்டம் போடுகிறார்கள் அல்லவா? சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படியான 200 மில்லிலீற்றர் பைக்கட் ஒன்றிலேயே ஐந்து தேக்கரண்டிக்கு மேல் போய்விடும். தாய்மாரிடம் அந்த வட்டத்தையே காட்டிப் பேசுங்கள்.

இனி, தொண்டையில் சிக்கும் சாமான்கள். ஜெலிக் கப்பை வாங்கவே வாங்காதீர்கள். முழுக் கச்சான் ஐந்து வயது வரை வேண்டாம். அரைத்துத் தூவலாம், ஆனால் கச்சான், முட்டை, பால் யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று தாய்மாரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். திராட்சையை நெடுக்காக நான்காக வெட்டுங்கள். ரம்புட்டான் காலத்தில் கொட்டையை நீங்களே எடுத்து, சதையை நறுக்கிக் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் பிள்ளைகள் சாப்பிட்டதும் தூங்குவார்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் வாயில் ஒட்டிய இனிப்பு பல்லிலேயே கிடக்கும். பாயைப் போடுமுன் ஒவ்வொருவருக்கும் நாலு மிடறு தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.