நிரல் எழுத எட்டு வயது போதுமா?

கேள்வி: எட்டு வயது மகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர விரும்புகிறேன். பைத்தான் மொழியிலேயே தொடங்கலாமா?

பதில்: சற்றுப் பொறுக்கலாம். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் இயங்காமல் நின்றுவிடும் என்பதால், தட்டச்சே இன்னும் கைவராத குழந்தை அதில் எளிதில் சலித்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைகளை வண்ணக் கட்டைகளாகத் தருகிறது; பொருந்தாத கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்பதால் எழுத்துப்பிழைக்கே அங்கு இடமில்லை. கட்டணமும் இல்லை.

முதலில் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். திரையில் உள்ள பாத்திரம் நூறு அடி நகர்ந்து 90 பாகை திரும்புவதை நான்கு முறை அடுக்கியபின், அதையே 'திரும்பச் செய்' என்னும் ஒரே கட்டைக்குள் அடக்கலாம் என்று அவளே கண்டுகொள்ளட்டும். அடுத்து முக்கோணம். பெரும்பாலோர் 60 பாகை என்றே கொடுப்பார்கள் (பெரியவர்களும்தான்); உருவம் மூடாமல் நிற்கும். திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள், அவள் தானே தேடட்டும். 1967-இல் உருவான லோகோ என்னும் நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஆமையும் இவ்வகையில்தான் வடிவியல் கற்பித்தது.

ஐந்து முதல் ஏழு வயதுடைய தம்பி தங்கையர் இருந்தால் அவர்களுக்கு ஸ்கிராட்ச்சின் எளிய வடிவமான ஸ்கிராட்ச் ஜூனியர் பொருந்தும்.