ஒர்க் ஃப்ரம் ஹோம்ல ஒருத்தரே ரெண்டு கம்பெனிக்கு வேலை பாக்குறாங்களே, மூன்லைட்டிங்னா அதுதானா?

ஆமா, ஒரு கம்பெனில சம்பளத்துல இருந்துகிட்டே அவங்களுக்குத் தெரியாம இன்னொரு வேலையும் பாக்குறதுதான். வீட்லேந்து வேலைன்னு வந்ததும் இது ரொம்ப ஈஸியாயிடுச்சு, பக்கத்து சீட்ல யாரும் இல்ல, மேனேஜர் கண்ணுக்குத் தெரியறது சாட்ல எரியற பச்சைப் புள்ளி மட்டும்தான். கும்பகோணத்துல எனக்குத் தெரிஞ்ச பையன் திண்ணைல ரெண்டு லேப்டாப் வச்சிருந்தான், ரெண்டு மீட்டிங்கும் பத்து மணிக்கு, ஒண்ணு வலது காதுல இன்னொண்ணு இடது காதுல, மியூட் பட்டன் மாறிப்போனா கதை முடிஞ்சுது!

கம்பெனி ஏன் கோவப்படுது? நம்ம ஊரு நடவையே எடுத்துக்குங்க. காலைல ஒரு வயல்ல நட்டுட்டு சாயங்காலம் இன்னொரு வயலுக்குப் போனா யாரும் கேக்கமாட்டாங்க. அதே காலை நேரத்துக்கு ரெண்டு பேர்கிட்டயும் கூலி வாங்குனா? அதுதான் பிரச்சனை, அதோட போட்டி கம்பெனின்னா ரகசியம் வெளிய போயிடும்ங்கற பயம் வேற. 2022 செப்டம்பர்ல விப்ரோ 300 பேரை அனுப்புனதா சொன்னதும் போட்டி கம்பெனிக்கு வேலை பாத்ததுக்குத்தான்.

மாட்டுறது பெரும்பாலும் பிஎஃப்ல. யுஏஎன்ங்கற பிஎஃப் நம்பர் ஆளுக்கு ஒண்ணுதான், ஒரே மாசத்துக்கு ரெண்டு கம்பெனி பணம் கட்டுனா பளிச்சுனு தெரியும்.

"ரெண்டாவது காண்ட்ராக்ட் வேலை, பிஎஃப்பே இல்ல, யாருக்கும் தெரியாது"ன்னு பலபேர் நினைக்கறாங்க, ஆனா அங்க பணம் குடுக்கறப்பவே டிடிஎஸ்னு வரி பிடிச்சா அது 26ஏஎஸ்ங்கற வருமான வரி ஸ்டேட்மென்ட்ல கம்பெனி பேரோட நிக்கும், அடுத்த வேலைக்குப் போறப்ப அதைக் கேக்கற கம்பெனியும் இருக்கு.