சிஸ்லியின் வானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ஓவியர் ஆல்ஃப்ரெட் சிஸ்லியின் ‘போர்ட்-மார்லியில் வெள்ளம்’ ஓவியத்தை அச்சுப்படியைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் வண்ணம் பழக ஆரம்பித்து ஓராண்டுதான் ஆகிறது. கட்டடம் ஓரளவு வந்துவிடுகிறது, மரங்களும் பரவாயில்லை. தண்ணீர்தான் மூன்று முறையும் சேறாகிப்போனது. வானத்தைக் கடைசியில் பூசுகிறேன். அது சுவருக்கு அடித்த நீலம்போலத் தட்டையாக நிற்கிறது. எங்கே தவறு? இன்னொன்று. எங்கள் வகுப்பில் சிஸ்லியை, அவர் காலத்துப் பெரிய ஓவியரான மோனேயோடு ஒப்பிட்டு ‘இரண்டாம் மோனே’ என்கிறார்கள். அவருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கு.

அன்புள்ள கு.,

வானத்தைக் கடைசியில் பூசுவதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு அங்கேதான். சிஸ்லி அதை முதலில் பூசினார். 1892-இல் கலை விமர்சகர் அடோல்ஃப் தவெர்னியேவுக்கு எழுதிய கடிதத்தில், வானம் வெறும் பின்னணி அல்ல என்றும், தன் வேலை எப்போதும் வானத்தில்தான் தொடங்குகிறது என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

வெள்ளக் காட்சிக்கு இது இருமடங்கு பொருந்தும். தெருவில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் வானத்தின் நிறத்தைத்தான் காட்டுகிறது. வானம் முடிவாகாமல் தண்ணீரைத் தொட்டால், ஊகத்தில் ஒரு நிறம் வைப்பீர்கள். அது பொருந்தாது. மேலே இன்னொன்றைப் பூசுவீர்கள். ஈரத்தின் மேல் ஈரம் நான்கு முறை ஏறினால் சேறுதான்.

அவர் பாரிஸுக்கு மேற்கே மார்லி-லெ-ருவாவில் 1875-இல் குடியேறினார். அடுத்த ஆண்டு சேன் நதி கரை மீறிப் பக்கத்திலிருந்த போர்ட்-மார்லியின் தெருக்களில் புகுந்தபோது ஆறேழு ஓவியங்கள் வரைந்தார். 1872 வெள்ளத்தையும் அங்கே வரைந்திருந்ததால் அந்த இடம் அவருக்குப் புதிதல்ல. நீங்கள் நகலெடுப்பது இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 60 x 81 செ.மீ. அன்றைய பிரெஞ்சுக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்த, நிலக்காட்சிக்கான 25-ஆம் எண் கான்வாஸ் அது. நீங்கள் 30 x 40 எடுத்துக்கொள்ளுங்கள், விகிதம் ஏறக்குறைய அதேதான்.

வெள்ளைக் கான்வாஸில் நேரடியாகத் தொடங்க வேண்டாம். இம்ப்ரஷனிஸ்ட்டுகள், அதாவது ஒளியின் கணநேரத் தோற்றத்தை வரைந்த சிஸ்லி, மோனே போன்றவர்கள், விரும்பியது வெளிர் சாம்பல், பாலேடு போன்ற இளநிற அடித்தளங்களை. துளி யெல்லோ ஆக்கரும் (மண்மஞ்சள்) துளி அம்பரும் (மண்பழுப்பு) டர்பன்டைனில் கரைத்து, துணியால் மெல்லத் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். கோடுகளுக்கு இடையே அந்த நிறம் தெரிந்தால் தெரியட்டும். அவர்களும் அப்படி விட்டிருக்கிறார்கள்.

பேலட்டில் டைட்டானியம் ஒயிட், கோபால்ட் ப்ளூ, அல்ட்ராமரின், விரிடியன் பச்சை, யெல்லோ ஆக்கர், காட்மியம் யெல்லோ, காட்மியம் ரெட் போதும். அவர்கள் காலத்து வெள்ளை ஈயத்திலிருந்து வந்தது, நஞ்சு. அதைத் தேடிப் போகாதீர்கள். கறுப்பு டியூப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மேகத்தின் நிழல் சாம்பலை இப்படிக் கலக்குங்கள். அரைநெல்லிக்காய் அளவு வெள்ளை, பட்டாணி அளவு கோபால்ட் ப்ளூ, மிளகளவு ஆக்கர், கடுகளவு சிவப்பு. சிவப்பு கூடினால் ஊதாவாகும், ஆக்கர் கூடினால் பச்சை தட்டும். மேகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளையில் ஒரு கடுகு ஆக்கர். வெறும் வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். நீலம் உச்சியில் அழுத்தமாகவும், தொடுவானத்தை நெருங்க நெருங்க வெளிறியும் வர வேண்டும். மேகங்களும் அப்படித்தான், தலைக்கு மேலே பெரிதாகவும் தூரத்தில் சிறிதாகவும். உங்கள் வானம் தட்டையாக நிற்பதற்கு, எல்லா மேகத்தையும் ஒரே அளவில் போட்டதும் காரணமாக இருக்கலாம். வீட்டைப் போலவே வானத்துக்கும் பர்ஸ்பெக்டிவ் உண்டு.

வானம் முடிந்ததும் பேலட்டைத் துடைக்காதீர்கள். இதுதான் முக்கியம். மிஞ்சிய அந்தச் சாம்பலையும் நீலத்தையும் கொண்டே தண்ணீரைத் தொடங்குங்கள். கொஞ்சம் ஆக்கர் சேர்த்து ஒரு படி இருட்டாக்கினால் போதும். தூரத்துத் தண்ணீரை நாம் சாய்வாகப் பார்ப்பதால் அது வானத்தை அதிகம் பிரதிபலிக்கும். காலடியில் இருப்பதை மேலிருந்து பார்க்கிறோம். அங்கே வண்டலின் பழுப்பு கூடுதலாகத் தெரியும். ஆகவே ஆக்கர் கீழ் விளிம்பை நோக்கிக் கூடட்டும். பிரதிபலிப்பில் வெளிச்சமான சுவர் சற்று மங்கும், இருண்ட மரம் சற்று வெளிறும்.

தூரிகைக்கு வருவோம். பன்றிமயிர்த் தட்டை பிரஷ் 8, 6, 4 மூன்றும், மரங்களுக்கு மெல்லியது ஒன்றும் வேண்டும். அச்சுப்படியைத் தண்ணீர்ப் பகுதியில் மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே குழைத்துத் தேய்த்த இடம் குறைவு. தனித்தனியாகக் கிடைமட்டத்தில் வைத்த குட்டைக் கோடுகள், ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் லேசாக ஏறியிருக்கும். வானத்தில் கை வேறு மாதிரி சுழன்றிருக்கும், சுவரில் இன்னொரு மாதிரி. ஒரே தேய்ப்பில் எல்லாவற்றையும் கடக்க அவர் முயலவில்லை. நீங்களும் ஒரு கோட்டை வைத்துவிட்டு கையை எடுத்துவிடுங்கள். திரும்ப அதே இடத்தில் ஓட்டினால் அடியிலுள்ள ஈரம் கிளம்பி மேலே கலந்துவிடும். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள். இரண்டாவது நிறம் முதலாவதைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தால்தான் மேலே நிற்கும். பழகுபவர்களில் பலர் இந்தத் துடைப்பதில்தான் சோம்பல் படுகிறார்கள்.

இரண்டு மணி நேரத்தில் நிறுத்துங்கள். மறுபடி தொடுவதென்றால் குறைந்தது ஒரு வாரம் காயட்டும். மேல் பூச்சில் டர்பன்டைனைக் குறைத்து, ஓரிரு துளி எண்ணெய் சேருங்கள். வானத்துக்கு லின்சீட் (ஆளிவிதை எண்ணெய்) வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகும். கசகசா எண்ணெய் மஞ்சளாவது குறைவு, ஆனால் மெதுவாகத்தான் காயும். காயாத கெட்டிப் பூச்சின் மேல் சீக்கிரம் காயும் மெல்லிய பூச்சு ஏறினால் பின்னால் விரிசல் நிச்சயம்.

‘இரண்டாம் மோனே’ என்ற பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. இருவரும் 1862 வாக்கில் பாரிஸில் ஓவிய ஆசிரியர் கிளேரின் ஓவியக்கூடத்தில் ஒன்றாகப் பழகியவர்கள், 1874-இல் முதல் இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியில் சேர்ந்தே காட்டியவர்கள். ஆனால் பார்வை வேறு. மோனேயின் ரூவான் தேவாலயத் தொடரில் கல்முகப்பு கான்வாஸ் முழுக்க நிறைந்து ஒளியில் கரைகிறது. அந்தத் தொடர் 1895-இல்தான் கண்காட்சிக்கு வந்தது. சிஸ்லி 1893-94-லேயே தான் வாழ்ந்த மொரே ஊர்த் தேவாலயத்தைப் பலமுறை வரைந்துவிட்டார். அதில் கட்டடம் கட்டடமாகவே நிற்கிறது, பக்கத்து வீடுகள் இருக்கின்றன, மேலே வானம் இருக்கிறது. பொருளைக் கரைக்காமல் ஒளியைப் பிடிப்பது குறைந்த வேலை அல்ல.

பாரிஸில் பிறந்தும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்காமல், வறுமையிலேயே 1899 ஜனவரி 29-இல் தொண்டைப் புற்றுநோயால் மொரேயில் இறந்தார். அடுத்த ஆண்டே நீங்கள் நகலெடுக்கும் அந்த ஓவியம் ஏலத்தில் 43,000 ஃபிராங்குக்குப் போனது. வாங்கிய சேகரிப்பாளர் இசாக் தெ கமோந்தோ அதைத் தன் சேகரிப்போடு நாட்டுக்கு எழுதிவைத்தார்.

நான்காவது நகலுக்கு ஓர்சேயிலேயே உள்ள இன்னொன்றை எடுங்கள், ‘வெள்ளத்தில் படகு’. அளவு ஏறத்தாழ 50 x 61 செ.மீ. நீங்கள் இப்போது வரையும் கட்டடம், அதே மதுக்கடைதான் இதிலும். முதல் நாள் வானத்தை மட்டும் முடித்து, மிஞ்சிய வண்ணத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். மறுநாள் காலை அதே கலவையில் தண்ணீரைத் தொடங்கலாம்.