பூசப் பூசப் பக்கத்தில் உதிரும் போர்டிகோ

கேள்வி: பாலவாக்கத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். 1996-இல் கட்டியது. போர்டிகோ தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு தடவை கொத்தனாரை வைத்துப் பூசிவிட்டோம். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை; இப்போது பூசிய இடத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. கீழே கார் நிறுத்தும் சிமெண்ட் தரையிலும் வெடிப்பு. பெருக்கப் பெருக்க மாவாக உதிர்கிறது. எபாக்சி போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். மேலும் கீழும் ஒரேயடியாக முடித்துவிட நினைக்கிறோம். முன்பக்கச் சன்ஷேடின் மேலே, சுவரை ஒட்டியும் ஒரு வெடிப்பு இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சன்ஷேடு வெடிப்பைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. போர்டிகோ தளத்துக்குக் கீழே தூண் இருக்கிறது. சன்ஷேடு சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் ஓடுகிறது. சுவரோரம் விட்ட வெடிப்பில் இறங்கும் மழைத் தண்ணீர் நேராக அந்தக் கம்பிக்குத்தான் போகும். கம்பி இற்றுப்போனால் துண்டு துண்டாக உதிராது, மொத்தமாக வரும். இன்றைக்கே கீழிருந்து முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மேலே பூந்தொட்டியோ ஏசி பெட்டியோ இருந்தால் இறக்கிவிடுங்கள். அதற்காக அதன்மேல் யாரும் ஏற வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை அதன் அடியில் ஆள் புழக்கம் கூடாது.

இனி போர்டிகோ. ‘பக்கத்தில் விழுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் பெயரே அதில் இருக்கிறது. கொத்தனார் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று நீங்கள் சந்தேகப்பட்டிருக்கலாம். அவர் நல்ல கலவையே போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச் அளவு 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. இந்தப் படலத்துக்கு எதிரிகள் இரண்டு பேர். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்கிக் காரத்தைக் கரைப்பது ஒன்று. கடற்காற்றோடு வரும் உப்பு, காரம் குறையாத இடத்திலும் படலத்தைத் துளைத்துவிடுவது இன்னொன்று. துரு பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்துக்காக அது கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. நீங்கள் தரையில் பொறுக்கி எடுக்கிற சில்லு அப்படித் தள்ளப்பட்டதுதான்.

பக்கத்தில் விழுவது ஏன்? பழைய டார்ச் லைட் செல்லில் துத்தநாக உறை கரைந்துகொண்டே மின்சாரம் தரும், நடுக்குச்சி அப்படியே இருக்கும் அல்லவா? உப்பு ஏறிய தளத்துக்குள் ஒரே கம்பி அப்படி ஒரு செல்லாக வேலை செய்கிறது. ஓர் இடம் கரையும்போது பக்கத்து இடம் தப்பிக்கிறது. கரைந்த இடத்தில் புதுக் கலவையை வைத்து மூடியதும் அந்த இடம் பத்திரமாகிவிட்டது. இப்போது கரைகிற முறை, அதுவரை தப்பித்துவந்த பக்கத்து இடத்துக்கு. அங்கே சுற்றிலும் உப்புக் கான்கிரீட் அப்படியே இருக்கிறது. விழுந்ததை மட்டும் பூசுகிறவரை இது நகர்ந்துகொண்டேதான் போகும்.

உங்கள் வீட்டின் வயதும் சேர்ந்துகொள்கிறது. 1996-இல் நடப்பில் இருந்தது, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது எம்15 கலவையையே அனுமதித்தது (எம்-முக்குப் பக்கத்து எண் கூடினால் வலிமை கூடுதல்). தளத்தில் கம்பிக்கு வெளியே 15 மி.மீ. கான்கிரீட் இருந்தால் போதும் என்றது. அந்த 15 மி.மீ.கூட எல்லா இடத்திலும் இருந்திருக்காது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் கவர் பிளாக் வைக்காமல், கையில் கிடைத்த ஜல்லிச் சில்லைக் கம்பிக்கு அடியில் சொருகிய காலம் அது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடற்கரைச் சூழலுக்குத் திறந்து கிடக்கும் கான்கிரீட்டைக் ‘கடுமை’ என்ற பிரிவில் வைத்து, குறைந்தது எம்30 கலவையும் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மறைப்பும் கேட்கிறது.

வேலை தொடங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உப்பு வெளியிலிருந்து வந்ததா, கட்டும்போதே கலவையில் இருந்ததா? உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட்ட வீடுகள் கடலோரத்தில் உண்டு. ஈரமே படாத உள் அறைக் கூரையிலும் கம்பி ஓடும் நேருக்குப் பழுப்புக் கோடு தெரிந்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும். தளத்தில் வெவ்வேறு ஆழத்தில் டிரில் போட்டு எடுத்த பொடியைக் கட்டுமானப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் குளோரைடு, அதாவது உப்பின் அளவைச் சொல்லிவிடுவார்கள். மேலாக அதிகமும் ஆழத்தில் குறைவுமாக இருந்தால் காற்றில் வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரி இருந்தால் கலவையிலேயே இருந்தது. விதிப்படி ஒரு கன மீட்டர் கம்பி கான்கிரீட்டில் 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது. புதுச் சில்லு வெட்டிய இடத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தும் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் மிச்சமிருக்கிறது, நிறம் வராவிட்டால் போய்விட்டது.

இதற்கு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். தளம் முழுக்க உப்பு என்றால் எந்த ஒட்டு வேலையும் நிரந்தரமாகாது. அப்போது ஒட்டுப் போடும் இடத்தின் ஓரங்களில் துத்தநாக அனோடு வில்லைகளைக் கம்பியோடு கட்டிப் புதைப்பார்கள். கரைகிற வேலையைக் கம்பிக்குப் பதில் அந்த வில்லை ஏற்றுக்கொள்ளும். அல்லது போர்டிகோவையே இடித்துப் புதிதாகப் போடுவது செலவில் மிச்சமாக இருக்கும். இந்த முடிவைக் கொத்தனாரிடம் விடாதீர்கள்.

ஒட்டு வேலைதான் என்று முடிவானால், முட்டுக் கொடுத்தபின் முதல் வேலை சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பார்ப்பது. கணீர் என்றால் நல்லது. தொம்மென்றால் உள்ளே பிரிந்திருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். விழுந்த இடத்தைவிட வட்டங்கள் பல மடங்கு இருக்கும். மனம் தளர வேண்டாம், அதுதான் உண்மைக் கணக்கு. வட்டத்துக்கு வெளியே சதுரமாக, கம்பியைத் தொடாமல், 10 மி.மீ. ஆழத்துக்கு மெஷினால் ஓரம் வெட்ட வேண்டும். ஓரம் சரிவாகக் காகிதம்போல் மெலிந்து முடிந்தால் அங்கிருந்துதான் மறுபடி பெயரும்.

பிறகு கொத்துவது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் உங்கள் இரண்டு பழைய பூச்சும் தோற்றிருக்கும். கம்பி தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. வரை, விரல் நுழைகிற அளவு கொத்த வேண்டும். நீளவாக்கில் துரு போகிறவரை போய், துருவில்லாத கம்பி 50 மி.மீ. கண்ணில் பட்டபிறகே நிறுத்த வேண்டும். கம்பியை எல்லாப் பக்கமும் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். குழிவிழுந்த உப்புத் துருவுக்குக் கம்பி பிரஷ் போதாது, மணல் பீய்ச்சுவதே நல்லது.

தேய்த்தபின் கம்பியை வெர்னியரால் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் ‘ஒரு மில்லிதானே’ என்று தோன்றும். பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. 6 என்றால் 44 சதவீதம். கால்வாசிக்கு மேல் போயிருந்தால் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். நல்ல பகுதியின்மேல் இருபுறமும் விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 8 மி.மீ. கம்பிக்கு 40 செ.மீ., ஏறியிருக்கட்டும்.

கம்பிக்குப் பூச்சு அன்றைக்கே அடிக்க வேண்டும். கடற்காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்பு ஏறியிருக்கும். துத்தநாகம் மிகுந்த பிரைமர் கடையில் கிடைக்கும். சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சுகளும் உண்டு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பித் துருவுக்கு இந்த வகைப் பூச்சுகளில் நிறைய வேலை செய்திருக்கிறது. எதுவானாலும் கம்பியின் முதுகிலும் படவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டில், கீழிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம் மட்டும் அடித்ததை நான் கவனிக்காமல் விட்டேன். ஒன்றரை வருடத்தில் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன், கம்பியின் பின்பக்கம் பார்க்க.

முதல்நாள் இரவே பழைய கான்கிரீட்டை நனைத்துவிட்டு, மறுநாள் மேலே ஈரப்பளபளப்பு இல்லாதபோது எஸ்.பி.ஆர் என்ற செயற்கை ரப்பர் பாலும் சிமெண்டும் குழைத்த பிடிப்புப் பூச்சைத் தேய்க்க வேண்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரித்துவிடும், சுரண்டிவிட்டு மறுபடிதான். கலவைக்குப் பாலிமர் சேர்த்த ரெடிமிக்ஸ் ரிப்பேர் மூட்டை வாங்குவதே என் விருப்பம். வேலை நடக்கும் இடத்திலேயே கலப்பதானால் எஸ்.பி.ஆரை டப்பாவில் போட்ட அளவுப்படி நீங்களே நின்று ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ. கனம், அழுத்தி அழுத்தி. ஆழம் 50 மி.மீ.க்கு மேல் போனால் பலகை அடைத்து, பொடி ஜல்லியில் இளகி ஓடுகிற மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவதே சரி.

கியூரிங்கில் கொத்தனாரோடு ஒரு சண்டை வரும். ஏழு நாள் தண்ணீர் தெளித்துப் பழகியவர்கள் அவர்கள். எஸ்.பி.ஆர் கலவைக்கு முதல்நாள் ஈரம் காத்து, பிறகு காயவிட வேண்டும். பால் படலமாக இறுகக் காற்று தேவை. ரெடிமிக்ஸ் என்றால் மூட்டையில் எழுதியிருப்பதே வேதம்.

அடியில் இவ்வளவும் செய்து, மேலே போர்டிகோ மாடியில் தண்ணீர் தேங்கினால் எல்லாம் வீண். வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதா, தட்டோட்டுச் சந்து விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுக்கு பார்க்கிறேன் என்று இந்தத் தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்தாதீர்கள். அந்த எடையை அது இப்போது தாங்குமா என்பதே கேள்வி. எல்லாம் காய்ந்தபின் அக்ரிலிக் வகை, கார்பன் டை ஆக்சைடைத் தடுக்கும் வெளிப்பூச்சு இரண்டு கை அடிக்கலாம்.

தரைக்கு எபாக்சி வேண்டாம். உங்கள் ஊரில் காலை நேரக் காற்றே ஈரத்துணிபோல இருக்கும். தரையின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இல்லாவிட்டால் எபாக்சி ஒழுங்காக இறுகாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தூக்கும், வெயில் பட்டால் மஞ்சளாகும். நம்பிக்கை இல்லையென்றால் 45 செ.மீ. சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீரோ, தரையில் கறுத்த ஈரமோ தெரியும்.

மாவு உதிர்வது அன்றைக்குத் தண்ணீர் கூடிப்போய், மேலே மிதந்த நீரில் சிமெண்ட் தூவித் தேய்த்ததன் பலன். ஆணியால் கீறிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் மெத்தென்று இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கழுவி, பாலிமர் சேர்த்த மேல்தளப் பூச்சுப் போடலாம்; ஆணி ஆழமாக இறங்கினால் பூச்சு நிற்காது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அடிமண் இறங்குகிறது என்று பொருள். உடைத்து, மண்ணைத் திமிசு போட்டு, பாலிதீன் விரித்து, 100 மி.மீ. கான்கிரீட் புதிதாகப் போட வேண்டியதுதான். பழைய தரையில் எங்கே இணைப்பு இருக்கிறதோ புதுப் பூச்சிலும் அங்கேயே இணைப்பு விடுங்கள். முகம் பார்க்கிற வழவழப்பும் வேண்டாம், துடைப்பக் கோடு போட்டால் மழையில் வழுக்காது.

ஒரேயடியாக முடிப்பது பற்றி: முதலில் சன்ஷேடு, பிறகு மாடி வாட்டம், அப்புறம் போர்டிகோ அடிப்பக்கம், கடைசியில் தரை. மேலே கொத்துகிற சில்லெல்லாம் தரையில்தான் விழும். தை பிறந்து, மழை ஈரம் இறங்கியபின் ஆள் கூப்பிடுங்கள், பங்குனிக்குள் முடித்துவிடலாம். சித்திரை வெயிலுக்குத் தள்ளிப்போனால் பச்சை வலை கட்டி நிழல் பண்ணாமல் கலவை போட விடாதீர்கள்.