சப் காண்ட்ராக்டர் தன் ஆட்களுக்கு எடுத்ததாகக் கொடுக்கும் விபத்து இழப்பீட்டு இன்சூரன்ஸ் காப்பி செல்லுமா என்று எப்படிப் பார்ப்பது?

ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கோவையில் சிறிய அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். 2022-ல் ஒரு சைட்டில் பெயின்டிங்கை சப் காண்ட்ராக்டுக்கு விட்டிருந்தேன். சாரத்தில் நின்ற பையன் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டுதான் அந்த பாலிசியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். தேதி சரியாக இருந்தது. ஆனால் ஆட்கள் 6 பேர் என்று போட்டிருந்தது. அன்று வேலையில் இருந்ததோ 11 பேர். வேலை நடக்கும் இடம் என்ற கட்டத்தில் வேறு ஊர் முகவரி. இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது.

பணம் நான்தான் கொடுத்தேன். நம் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் விட்டாலும், அவருடைய ஆளுக்கு அடிபட்டால் நம்மிடமே இழப்பீடு கேட்கலாம் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. பிறகு நாம் அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம், அவரிடம் இருந்தால். 30 வயதுக்காரர் இறந்துபோனால், 15,000 ரூபாய் மாதச் சம்பளக் கணக்கில் அந்தச் சட்டப்படி 15,59,850 ரூபாய் வரும். 2025 நவம்பர் முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. நம் பொறுப்பு மாறவில்லை.

அதனால் முதலில் பாலிசியின் ஷெட்யூலை, அதாவது விவரங்கள் அடங்கிய பக்கத்தை, கேளுங்கள். வாட்ஸ்அப் போட்டோ வேண்டாம், முழு பிடிஎஃப் வேண்டும். ஆட்கள் எண்ணிக்கை, சம்பளம், வேலை வகை, இடம் நான்கையும் உங்கள் சைட்டோடு ஒப்பிடுங்கள். உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையைச் சாதாரண வேலை என்று காட்டி பிரீமியத்தைக் குறைத்திருப்பார்கள், அதைக் கவனியுங்கள். அப்புறம் கம்பெனியின் வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் செய்து, பாலிசி எண்ணைச் சொல்லி, நடப்பில் இருக்கிறதா, செக் பாஸ் ஆனதா என்று கேளுங்கள். பிரீமியம் வராமல் இன்சூரன்ஸ் பாதுகாப்பு தொடங்காது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 64-விபி பிரிவு. காகிதத்தில் அச்சடித்திருக்கும் ஏஜென்ட் நம்பரை நம்ப வேண்டாம்.

"எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்குங்க" என்று சிலர் பேங்க் பாஸ்புக்கை நீட்டுவார்கள். அது வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும், நல்ல திட்டம்தான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் அப்படித்தான். ஆனால் முதலாளியின் பொறுப்பை இரண்டுமே ஏற்காது.

சின்ன மேஸ்திரியால் தனி பாலிசி எடுக்க முடியவில்லை என்றால், காண்ட்ராக்டர் ஆட்களையும் சேர்த்து உங்கள் பெயரிலேயே எடுத்துவிட்டு, பிரீமியத்தை அவர் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

பத்து வருடப் பழக்கம், எப்படிக் கேட்பது என்று சங்கடமாக இருந்தால் ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: பாலிசி வராமல் ஆட்கள் உள்ளே வரக்கூடாது, முதல் பில்லும் பாஸ் ஆகாது. என்னிடம் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒரே வாரத்தில் எடுத்து வந்தார்கள்.