படத்துக்குப் பணம் போடலாமா, புத்தகத்துக்குப் போடலாமா? க்ரவுட்ஃபண்டிங் கேள்வி-பதில்

மார்கழிக் கச்சேரிகளும் நந்தனம் புத்தகக் காட்சியும் நெருங்கினால் போதும், "எங்கள் முயற்சிக்குக் கைகொடுங்கள்" என்று வாட்ஸப்பில் லிங்க்குகள் வரிசைகட்டும். பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டும் இந்த முறைக்குத்தான் க்ரவுட்ஃபண்டிங் என்று பெயர். வந்த கேள்விகளில் சிலவற்றைச் சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டு, பகுதியை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா பையனின் நண்பர் முதல் படம் எடுக்கிறார். 25,000 ரூபாய் போட்டால் டைட்டிலில் 'இணைத் தயாரிப்பாளர்' என்று பெயர் வரும், ரிலீஸானதும் லாபத்தில் பங்கும் தருவோம் என்கிறார்கள். நான் பென்ஷன்காரன். போடலாமா? – நங்கநல்லூர்

டைட்டிலில் பெயர் வருவது வரை பிரச்சினை இல்லை. லாபத்தில் பங்கு என்ற இடத்தில்தான் நில்லுங்கள்.

பெயர், போஸ்டர், சிறப்புக் காட்சிக்கு டிக்கெட் என்று பொருளாகவோ மரியாதையாகவோ திருப்பித் தருவது ஒரு வகை. பொதுமக்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பணமாகவே திருப்பித் தருகிறேன் என்பது முற்றிலும் வேறு வகை. இரண்டாவதை இணையம் வழியாக அனுமதிக்கலாமா என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-ல் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. அது விதிமுறையாக மாறவில்லை. மாறாக, அனுமதி இல்லாத தளங்களில் முதலீடு செய்ய வேண்டாம் என்று 2016-ல் எச்சரித்தது. கம்பெனி தொடங்கிப் பங்கு தருகிறோம் என்றாலும், தனிப்பட்ட முறையில் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வழங்க முன்வர முடியாது. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினால், முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே வரும். அந்தப் பையன் ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் கேஸ் என்று வந்தால் சிக்கிக்கொள்வது உங்கள் பணமும்தான்.

சட்டத்தை விடுங்கள். லாபம் என்பதை யார் கணக்குப் போடுவது? ஃபைனான்ஸியரின் வட்டி, விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரச் செலவு, தியேட்டர் பங்கு எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் லாபம். சின்னப் படங்களில் அந்த இடம்வரை பணம் வந்து சேர்வது அபூர்வம்.

இதற்கெல்லாம் சினிமாக்காரர்கள் உதாரணமாக இழுப்பது 2013-ல் வந்த கன்னடப் படமான லூசியாவை. மக்கள் பணத்தில் எடுத்த படம்தான், உண்மை. ஆனால் அதன் இயக்குநர் பவன் குமார் அதற்குமுன் 2011-லேயே ஒரு படத்தை இயக்கி ரிலீஸ் செய்திருந்தார். பணம் போட்டவர்களுக்கு அவர் வேலை தெரியும். இன்னும் பின்னால் போனால் 1976-ல் ஷியாம் பெனகலின் மந்தன். குஜராத்தின் பால் விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த படம். 2 ரூபாய் போனால் எந்தக் குடும்பமும் கவிழாது. தங்கள் கதை திரையில் வந்ததே அவர்களுக்கு வரவு.

அதனால் அந்தப் பையன் இதுவரை எடுத்து முடித்த குறும்படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டீஸர் வேண்டாம், முடித்த படம். பிடித்திருந்தால், திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத ஒரு தொகையைக் கொடுங்கள், 2,000 ஆனாலும் 5,000 ஆனாலும். லாபப் பங்கு பற்றிய வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பிக்சட் டெபாசிட்டை உடைக்கிற பேச்சே வேண்டாம்.

கிரவுட்ஃபண்டிங்கில் கொடுத்த பணத்துக்கு 80ஜி வரிவிலக்கு உண்டா? – அண்ணா நகர்

தனி நபருக்கோ படக் கம்பெனிக்கோ கொடுத்தால் கிடையாது. அனுமதி பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தால் உண்டு. அதுவும் நீங்கள் பழைய வரி முறையில் இருக்க வேண்டும்; ரொக்கமாகக் கொடுத்திருந்தால் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பணத்துக்குப் பதிலாகப் புத்தகமோ டிக்கெட்டோ வாங்கிக்கொண்டால் அது நன்கொடையே இல்லை, வியாபாரம்.

கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்க க்ரவுட்ஃபண்டிங் தளத்தில் ஒரு போர்டு கேமுக்கு 79 டாலர் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் பணமே எடுக்கவில்லை. திடீரென்று ஒரு நாள் 'பேமெண்ட் ஃபெயில்டு' என்று மெயில். என்ன நடந்தது? – பெருங்குடி

கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டினால்தான் பணம் எடுப்பார்கள், அதுவும் கெடு முடிந்த பிறகு. அதுவரை உங்கள் கார்டில் கை வைப்பதில்லை. இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசா போகாது. நம்மூர் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை நாமே ஆப்பில் திறந்துவைக்க வேண்டும், அதற்கான வரம்பையும் வைக்க வேண்டும். ஒப்புக்கொண்ட அன்று திறந்திருப்பீர்கள், பிறகு பாதுகாப்புக்காக மூடியிருப்பீர்கள். மெயிலில் உள்ளபடி கார்டு விவரத்தைச் சரிசெய்ய சில நாள் அவகாசம் தருவார்கள். ஒன்று கவனம்: மெயிலில் வரும் லிங்க்கைத் தட்டாதீர்கள். நீங்களாகத் தளத்துக்குப் போய் லாகின் செய்து பாருங்கள்.

அப்புறம், 79 டாலர் என்பது தொடக்கம்தான். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. ஷிப்பிங் பணத்தைப் பல திட்டங்கள் கடைசியில் தனியாகக் கேட்கின்றன. பெட்டி சென்னைக்கு வந்ததும் கூரியர்காரர் ஆதாரோ பான் கார்டோ கேட்பார், சுங்கவரி கட்டச் சொல்வார். கனமான போர்டு கேமாக இருந்தால் மொத்தச் செலவு முதலில் நினைத்ததைவிட நன்றாகவே மேலே போகும். அதே விளையாட்டு பின்னால் இங்கே கடைக்கு வருமா என்று பார்த்துவிட்டுப் போடுவது புத்திசாலித்தனம்.

போர்டு கேம், புத்தகம், இசை ஆல்பம் இவற்றிலாவது பொருள் வந்துவிடும் வாய்ப்பு அதிகம். மோட்டாரும் பேட்டரியும் உள்ள கருவி என்றால் நான் தயங்குவேன். 2014-ல் கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ்பெட்டிக்கு 62,000-க்கும் மேற்பட்டவர்கள் 1.3 கோடி டாலருக்கும் மேல் போட்டார்கள். 2019-ல் கம்பெனியை மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி வரவே இல்லை. பணம் போதாமல் இல்லை. அளவுக்கு அதிகமான ஆர்டர், அடக்கச் செலவைத் தவறாகக் கணித்தது, இரண்டும் சேர்ந்து கவிழ்த்துவிட்டன.

நான் பணம் கட்டிய ஆல்பம் இலக்கில் 60 சதவீதம்தான் எட்டியது. பணம் திரும்பி வருமா? – தாம்பரம்

தளத்தைப் பொறுத்தது. 'முழுசா, இல்லாட்டி ஒண்ணும் இல்லை' என்ற முறையா, கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் முறையா என்று திட்டப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவது என்றால் பணம் அவர்களிடம் போய்விட்டது. மூன்று லட்சம் தேவை என்றவர் 1.80 லட்சத்தை வைத்துக்கொண்டு எப்படி முடிப்பார் என்று நேரடியாகக் கேளுங்கள். "எட்டுப் பாட்டுக்குப் பதில் நாலு பாட்டு" என்று தெளிவாகச் சொன்னால் நம்பலாம். "மீதியைப் பார்த்துக்கொள்வோம்" என்றால், அந்த மீதிக்காக அடுத்த லிங்க்கும் உங்களுக்கு வரும்.

ஒரு தமிழ் கிராஃபிக் நாவலுக்கு முன்பதிவாக 900 ரூபாய் கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் மாதாமாதம் படம் போட்டார்கள், இப்போது சத்தமே இல்லை. ஏமாந்துவிட்டேனா? – அடையாறு

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மாலிக் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்தவர். தொழில்நுட்பம், வடிவமைப்பு சார்ந்தவற்றில் நான்கில் மூன்றுக்கு மேல் தாமதம் என்று கண்டார். பணம் போட்ட சுமார் 47,000 பேரிடம் கேட்டு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பொருளைத் தராமலே போன திட்டங்கள் சுமார் 9 சதவீதம். ஆக, தாமதம் சகஜம், முழு ஏமாற்று குறைவு. அமெரிக்கத் தளத்தின் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்றில்லை. ஆனாலும் நான் பார்த்தவரை இங்கேயும் கதை அதேதான். ஓவியர் ஒருவரே இருநூறு பக்கம் வரைய வேண்டும், பகலில் அவருக்கு வேறு வேலை. முதல் வருடம் உற்சாகம், இரண்டாம் வருடம் வெட்கம். வெட்கத்தில்தான் பதில் எழுதுவதை நிறுத்துகிறார்கள்.

எனவே முதல் கடிதம் சண்டையாக இருக்க வேண்டாம். எத்தனை பக்கம் முடிந்தது, அச்சுக்கு எப்போது போகும் என்ற இரண்டே கேள்வி. பதிலுக்குப் பதினைந்து நாள் கெடு. பதில் வந்தால் காத்திருங்கள். வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள், எழுத்தில் மட்டும். போனில் பேசியது நிற்காது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு, ஒன்றரை வருடம் என்பது தாமதம்தான்.

புத்தகம் தருவதாகச் சொல்லி விலையாக வாங்கியிருந்தால் நுகர்வோர் வழியிலும் போகலாம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்த கட்டம் நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 900 ரூபாய்க்கு ஆணையம் ஏறுவீர்களா என்பது உங்கள் பொறுமை. நானாக இருந்தால், அதே நாவலுக்குக் கட்டிய மற்றவர்களைத் தேடிப் பிடித்து ஒரே கடிதமாக எழுதுவேன். நாற்பது பேர் கையெழுத்திட்ட கடிதத்துக்குப் பதில் வராமல் இருப்பது கஷ்டம்.

பிரபலப் பாடகர் ஒருவர் ஆல்பத்துக்கு நிதி திரட்டுகிறார் என்று க்யூஆர் கோடு வந்தது. நம்பலாமா? – வியாசர்பாடி

அந்தப் பாடகரின் சொந்தப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அழித்துவிடுங்கள். இருந்தால், அந்த க்யூஆர் கோடு-ஐ ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் யாருடையது என்று பாருங்கள். ஆல்பத்துக்குச் சம்பந்தமில்லாத பெயராக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். "உங்களுக்குப் பணம் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது திருட்டு. யூபிஐயில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். நேரம் ஆக ஆக மீட்கும் வாய்ப்பு குறையும்.

எண்ணூர் மீனவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு புகைப்படப் புத்தகம் செய்திருக்கிறேன். அச்சிட க்ரவுட்ஃபண்டிங் போகலாமா? எவ்வளவு கேட்பது? – திருவொற்றியூர்

படங்கள் தயாராக இருக்கின்றன என்பது பெரிய பலம். இதுவரை சொன்ன பல சிக்கல்கள் உங்களுக்கு இல்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1887-ல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைச் சென்னையில் அச்சிட்டபோது, வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே கையொப்பமிட்டவர்கள்தான் கைகொடுத்தார்கள். இன்றைக்குப் பதிப்பகங்கள் நடத்தும் முன்வெளியீட்டுத் திட்டமும் அதே வழிதான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பிரதிக்கு 500 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு 220, கூரியருக்கு 70, பேக்கிங் 20. தளத்துக்கும் பேமெண்ட் கேட்வேக்கும் சேர்த்து 8 சதவீதம் என்றால் 40, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 47. மீதி 143 ரூபாய். பக்க வடிவமைப்பு, பிழைதிருத்தம், பயணச் செலவுக்கு ஒரு லட்சம் வேண்டும் என்றால் 700 பேர் வாங்க வேண்டும். உங்களைத் தெரிந்தவர்கள் 700 பேர் இருக்கிறார்களா? பலரும் சறுக்குவது இங்கேதான். மொத்தச் செலவை இலக்காகப் போடுவார்கள், பிரதி ஒன்றுக்கு மிஞ்சுவது என்ன என்று பார்க்க மாட்டார்கள். 300 பேர்தான் சாத்தியம் என்றால் பக்கத்தைக் குறையுங்கள், அல்லது கையெழுத்திட்ட பெரிய பிரிண்ட் ஒன்றோடு 3,000 ரூபாய் அடுக்கு ஒன்று வையுங்கள். டி-ஷர்ட், கோப்பை மட்டும் வேண்டாம். அளவு மாற்றித் தரச் சொல்லியே உயிரை எடுப்பார்கள்.

இந்தியாவில் வசிப்பவர் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியாது, ஆதரிக்க மட்டுமே முடியும். மிலாப், கெட்டோ போன்ற நம்மூர்த் தளங்களில் மருத்துவ உதவிக் கோரிக்கைகளே அதிகம். புகைப்படப் புத்தகம் அங்கே கண்ணில் படாமல் போகலாம். 300 பிரதிக்கு ஒரு கூகுள் ஃபார்மும் யூபிஐ எண்ணும் போதும் என்பது என் அபிப்பிராயம். நம்பிக்கைக்கு, ஒவ்வொரு வாரமும் வரவு எவ்வளவு என்று வெளிப்படையாகப் போடுங்கள். அறிவிக்கும் முன்பே முதல் ஐம்பது பேரைப் போனில் பேசி உறுதி செய்துவிடுங்கள். காலியான பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் மனசு வராது.

வரி: புத்தகம் கொடுத்து வாங்கும் பணம் வியாபார வரவு, செலவு போக மிஞ்சியதுதான் வருமானம். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. எதுவும் திருப்பித் தராமல் உறவினர் அல்லாதவர்களிடம் வாங்கிய தொகை வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள்.

இன்னொன்று, சட்டத்தில் இல்லாவிட்டாலும் சொல்கிறேன்: படத்தில் இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கான பிரதிகளையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா என் நாடகக் குழுவுக்கு 2 லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? – மந்தைவெளி

அவரிடம் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அவர் வெளிநாட்டவர்தான், தமிழர் என்பது கணக்கில் வராது. அந்தச் சட்டம் உறவினர் என்று ஏற்பவரிடமிருந்து தனிப்பட்ட முறையில் வருடத்துக்கு 10 லட்சம் வரை வாங்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை; ஆனால் அந்தப் பட்டியலில் சித்தப்பா வருவதில்லை. அந்தச் சலுகையும் உங்களுக்கென்று தரும் பணத்துக்குத்தான். குழுவின் பெயரில், கலைப் பணிக்கு என்று வாங்கினால் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டிக்கெட்டுக்கும் புத்தகத்துக்கும் வழக்கமான விலை கொடுத்து வாங்குவது இதில் சேராது. குழுவின் கணக்கு எண்ணை அவருக்கு அனுப்பும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.