முதன்முறையாகக் கோழிக்குஞ்சு வளர்ப்போருக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இன்னும் நான்கு நாளில் பொரித்து ஒரு நாளே ஆன 20 குஞ்சுகள் வருகின்றன. வந்த பிறகு விளக்கைப் பொருத்தினால் போதுமா?

பதில்: போதாது. முந்தைய நாளே குஞ்சுகளை விடுவதற்கான அடைப்பை அமைத்து, விளக்கை எரியவிட்டு, கீழே பரப்பிய கூளமும் சூடேறிவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று வெதுவெதுப்பாக இருந்தும் தரை சில்லென்று இருந்தால், கால் வழியாகவே குஞ்சின் உடல் குளிர்ந்துவிடும். வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு ஏறக்குறைய இரண்டு நாள் வரை அதன் பசியைத் தாங்கும். குளிரைத் தாங்கத்தான் அதனிடம் எதுவும் இல்லை. இறகு முளைக்கும்வரை தாய்க்கோழியின் சிறகு செய்யும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: சூடு சரியாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

பதில்: முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி கட்டாயம் வேண்டும், ஆனாலும் நான் முதலில் பார்ப்பது குஞ்சுகளைத்தான். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஓயாமல் கீச்சிட்டால் குளிர். ஓரங்களுக்கு ஒதுங்கி, சிறகைத் தொங்கவிட்டு, வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது என்று பொருள். பரவலாகப் படுத்து, மெல்லிய முணுமுணுப்போடு தூங்கினால் எல்லாம் சரி. என் முதல் தொகுதியில் வெப்பமானி சரியாகவே காட்டியது. ஆனால் கதவிடுக்கு வழியே வந்த இரவுக் காற்றுக்கு அஞ்சிக் குஞ்சுகள் ஒரு மூலையில் குவிந்துவிட்டன. விடியற்காலையில் பார்த்தபோது அடியில் கிடந்த இரண்டு மூச்சுமுட்டி இறந்திருந்தன. அன்றுமுதல் அடைப்பின் மூலைகளை அட்டையால் வளைத்து, வட்டமாகவே அமைக்கிறேன்.

கேள்வி: தரையில் செய்தித்தாள் விரிக்கலாமா?

பதில்: வேண்டாம். வழவழப்பில் கால்கள் இருபுறமும் விலகி, குஞ்சு நிரந்தரமாக முடமாகிவிடக் கூடும். உமியோ மரச்சீவலோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். கூளத்தைக் கொத்தித் தின்னாதபடி முதல் இரண்டு நாள் அதன்மேல் சொரசொரப்பான துணியை விரிப்பது நல்லது.

கேள்வி: தண்ணீர் வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள், இல்லையேல் குஞ்சு மூழ்கிவிடும். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் நனைத்துவிட்டால், பிறகு தானாகவே குடிக்கப் பழகிவிடும்.

கேள்வி: வீட்டில் முட்டையிடும் கோழிகளுக்கான தீவனம் இருக்கிறது. அதையே குஞ்சுகளுக்கும் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சுமார் 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனத்தையே வாங்குங்கள்.

கேள்வி: குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே, அம்மாதிரி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: எச்சவாய் அடைபட்டே இருந்தால் குஞ்சு இறந்துவிடும் என்பதால் முதல் வாரம் தினமும் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து, ஊறிய பிறகு மெல்லத் துடைத்து, ஈரம் போக உலர்த்திவிடுங்கள். பிய்த்தால் தோலும் கூடவே வந்துவிடும். எச்சவாய்க்குச் சற்றுக் கீழே, வயிற்றுப் பக்கம் தெரியும் காய்ந்த துணுக்கு தொப்புள். பலர் அதையும் எச்சமென்று எண்ணிக் கிள்ளிவிடுகிறார்கள். அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: இரத்தக் கழிச்சலைத் தடுக்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். எச்சத்தோடு வெளியேறும் அந்த நோயின் கிருமி ஈரக் கூளத்தில்தான் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. ஆகவே தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றாடம் அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். எச்சத்தில் இரத்தம் தெரிந்து, குஞ்சு சிலிர்த்தபடி ஒதுங்கி நின்றால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே தொடங்குவது வழக்கம் என்பதால், அதற்கான நாளையும் அவரிடமே இப்போதே கேட்டு வையுங்கள்.